பதினேழு வயதில் நெய்து முடித்த நாண்

2019 ஜூன் 10ஆம் தேதி இரவு, டொராண்டோவில் நடந்த என்பிஏ கூடைப்பந்து இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் கெவின் டுரான்ட்டின் வலது குதிகால் நாண் அறுந்தது. அப்போது அவருக்கு வயது 30. பன்னிரண்டு சீசன் ஆடியிருந்தார். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியோடு இரண்டு முறை கோப்பை வென்றிருந்தார். ஆனால் அறுந்த நாணின் நடுத்தண்டு அந்தப் பன்னிரண்டு சீசனுக்கும் மூத்தது. மேரிலாந்து மாநிலத்தின் சீட் பிளசன்ட் என்ற சிற்றூர்ப் பக்கம் அவர் ஒல்லிப்பிச்சான் பையனாகத் திரிந்த நாட்களிலேயே அது உருவாகி முடிந்துவிட்டது. அதன்பின் உடல் அதைப் புதுப்பிக்கவில்லை. கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தங்கள் அத்தனையும் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் நாணை நம்பித்தான் கையெழுத்தாகியிருந்தன.

இது நமக்குத் தெரியவந்ததற்கு அணுகுண்டுகள்தான் காரணம். 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் போட்டி போட்டுக்கொண்டு திறந்த வெளியில் குண்டு வெடித்துப் பார்த்தன. அதில் காற்றில் இருந்த கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவு, வட அரைக்கோளத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. 1963இல் திறந்தவெளிச் சோதனைகளைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தது. அதிலிருந்து அந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. காற்றில் உள்ள கார்பன் பயிருக்குப் போகிறது, பயிரிலிருந்து மாட்டுக்கு, இரண்டிலிருந்தும் மனிதனுக்கு. ஆகவே ஒவ்வோர் ஆண்டிலும் நம் உடம்பில் உருவாகும் திசுவின்மேல் அந்த ஆண்டின் முத்திரை விழுந்துவிடுகிறது. தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் திசுவில் இன்றைய அளவு இருக்கும். புதுப்பிக்காத திசு, தான் பிறந்த ஆண்டின் அளவையே வைத்துக்கொண்டிருக்கும்.

கோபன்ஹேகனில் காத்யா ஹைனமையரும் மைக்கேல் கியாரும் அவர்களுடைய குழுவினரும், 1945க்கும் 1983க்கும் இடையில் பிறந்தவர்களின் குதிகால் நாண்களை எடுத்து இந்த முத்திரையைப் படித்தார்கள். முடிவு 2013இல் வெளியானது. தசை தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வந்திருந்தது. நாணின் நடுத்தண்டு அப்படியில்லை. வாழ்க்கையின் முதல் பதினேழு ஆண்டுகளில், அதாவது உயரம் வளர்ந்து முடியும்வரை, காற்றில் எவ்வளவு கார்பன்-14 இருந்ததோ அதுவே அதில் உறைந்து கிடந்தது. தோல் மாறுகிறது, ரத்தம் மாறுகிறது, எலும்புகூட மெல்ல மெல்ல மாறுகிறது; குதிகால் நாணின் நடுவே மட்டும் விடலைப் பருவம் அப்படியே இருக்கிறது. சின்ன வயதில் டுரான்ட்டை அவருடைய பயிற்சியாளர் ஒரு செங்குத்தான மேட்டில் திரும்பத் திரும்ப ஏறியிறங்க ஓடவிட்டார் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. அந்த மேட்டில் ஏறிய காலத்து நாணோடுதான் அவர் டொராண்டோவிலும் ஆடினார்.

இயற்கை ஏன் இப்படி ஒரு கஞ்சத்தனம் காட்டுகிறது? நாண் செய்யும் வேலையைப் பார்த்தால் புரியும்.

கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் உள்ளன. இரண்டும் கீழே இறங்கி ஒன்றுசேர்ந்து ஏறத்தாழ பதினைந்து சென்டிமீட்டர் நீள நாணாகிக் குதிகால் எலும்பில் ஒட்டுகின்றன. நேராக இறங்குவதில்லை, இழைகள் முறுக்கிக்கொண்டே இறங்குகின்றன. சாதாரண ஆளுக்கு இதன் தடிமன் ஆறு மில்லிமீட்டர் அளவுதான். ஓடும்போது அதன்மேல் விழும் இழுவிசை உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். டுரான்ட் அளவு ஆளுக்கு அது முக்கால் டன் பக்கம் வரும். உட்கார்ந்து இதைப் படிக்கும்போது குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். அவ்வளவுதான் அது.

நுண்ணோக்கியில் வைத்தால், ஓய்வில் இருக்கும் நாணின் கொலாஜன் இழைகள் நேராக இருப்பதில்லை, சீரான அலைகளாக நெளிந்து கிடக்கின்றன. இழுக்கத் தொடங்கியதும் முதலில் அந்த நெளிவுதான் நிமிர்கிறது. நீளம் இரண்டு விழுக்காடு கூடும்போது இழைகள் விறைத்துவிடுகின்றன. அதற்குமேல்தான் உண்மையான இழுப்பு. நான்கு விழுக்காட்டைத் தாண்டினால் இங்கொன்றும் அங்கொன்றுமாக இழைகள் கிழியத் தொடங்கும். எட்டை நெருங்கினால் மொத்தமும் போய்விடும் என்பது பாடநூல் கணக்கு. பதினைந்து சென்டிமீட்டரில் எட்டு விழுக்காடு என்பது பன்னிரண்டு மில்லிமீட்டர். ஒரு வீரனின் அடுத்த சீசன் அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கிறது.

இந்த நீட்சி வீணாவதில்லை. காலை ஊன்றும்போது நீளும் நாண் ஆற்றலைச் சேமித்து, உந்தும்போது ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பித் தந்துவிடுகிறது. பிரிட்டிஷ் விலங்கியலாளர் மெக்நீல் அலெக்சாண்டரும் உடன் ஆய்ந்தவர்களும் 1987இல் ஒரு கணக்குப் போட்டார்கள். எழுபது கிலோ மனிதர் நடுத்தர வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் ஏறத்தாழ நூறு ஜூல் ஆற்றல் கைமாறுகிறது. அதில் முப்பத்தைந்தைக் குதிகால் நாண் சேமித்துத் தருகிறது. இன்னொரு பதினேழை உள்ளங்கால் வளைவு தருகிறது. தசை செலவழிக்க வேண்டியதில் பாதி இலவசமாக வருகிறது. சுருள்வில் ஒன்று இவ்வளவு நேர்மையாகக் கடனைத் திருப்ப வேண்டுமென்றால் அது கொலாஜனால் நெருக்கி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். செல்களுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் அங்கே அதிக இடம் ஒதுக்க முடியாது. இடம் ஒதுக்காததால் பழுது பார்க்கவும் ஆள் கிடையாது. குதிகாலுக்கு இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே உள்ள பகுதியில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. பெரும்பாலான நாண்கள் அறுவதும் அந்த இடத்தில்தான். நாணை இவ்வளவு சிறந்த வில்லாக்கும் அதே குணம்தான் அதை இவ்வளவு மோசமான நோயாளியாகவும் ஆக்குகிறது.

டொராண்டோ ஆட்டத்துக்கு முன் டுரான்ட் ஒரு மாதம் வெளியே இருந்தார். மே 8ஆம் தேதி ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் கெண்டைக்கால் தசைப்பிடிப்பு என்று வெளியேறியவர். வாரியர்ஸ் 3–1 எனப் பின்தங்கி நின்றதால் களமிறங்கினார். பன்னிரண்டு நிமிடத்தில் பதினொரு புள்ளி. தொலைவிலிருந்து எறிந்த மூன்று பந்தும் கூடையில் விழுந்தன. இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்தில் டொராண்டோவின் செர்ஜ் இபாகாவைத் தாண்ட முயன்றபோது, முன்னே பாய்வதற்காக வலது காலைச் சற்றுப் பின்னே ஊன்றினார். கணுக்கால் மடங்கியிருக்க, முழங்கால் நிமிரத் தொடங்க, தசை சுருங்க முயன்றுகொண்டே நீளும் நொடி அது. குதிகால் நாணுக்கு அதைவிடக் கெட்ட நொடி கிடையாது. யாரும் அவரைத் தொடவில்லை.

நாண் அறுந்தவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: பின்னாலிருந்து யாரோ காலில் உதைத்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். பரிசோதனையும் எளிது. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச் சதையை ஒரு கையால் பிசைவார்கள். நாண் இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அறுந்திருந்தால் பாதம் அசையாமல் தொங்கும். கருவி எதுவும் வேண்டாம். பரிசோதிக்கும் மருத்துவருக்கும் படுத்திருப்பவருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

அறுந்தபிறகும் நடக்க முடியும் என்பது பலரை ஏமாற்றுகிறது. 2013 ஏப்ரல் 12ஆம் தேதி கோபி பிரையன்ட், இடது நாண் அறுந்த நிலையில் கோட்டுக்கு நடந்துவந்து இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். அது வீரம்தான், சந்தேகமில்லை. ஆனால் உடற்கூறும் அதற்கு இடம் கொடுத்தது: விரல்களை மடக்கும் தசைகளும் கணுக்காலின் இருபக்கத் தசைகளும் தட்டையான நடைக்குப் போதும். அந்தக் காலில் மட்டும் குதிகாலைத் தூக்கி நிற்பதுதான் முடியாது.

நாண் ஒரு நொடியில் அறுந்தாலும் கதை அந்த நொடியில் தொடங்குவதில்லை. பெக்கா கன்னுஸ், லாஸ்லோ யோஷா என்ற இரு ஆய்வாளர்கள் தாமாக அறுந்த 891 நாண்களை நுண்ணோக்கியில் பார்த்து 1991இல் எழுதினார்கள்: நூற்றுக்கு 97 நாண்களில் முன்பே சிதைவு இருந்தது. பலருக்கு அதுவரை வலியே வந்ததில்லை. டுரான்ட்டின் கெண்டைக்கால் காயத்துக்கும் நாண் அறுந்ததற்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. சோர்ந்த தசை சுமையைச் சரியாகத் தாங்காமல் நாணிடம் தள்ளிவிடும் என்பது பொருந்தக்கூடிய விளக்கம். நிரூபணம் வேறு விஷயம். 2025 ஜூனில் இந்தியானா பேசர்ஸ் அணியின் டைரிஸ் ஹாலிபர்ட்டனுக்கு நடந்ததைப் பார்த்தபிறகு அந்தக் கேள்வியைத் தள்ளிவிடுவது எனக்குக் கடினமாக இருக்கிறது. இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் வலது கெண்டைக்காலில் காயம்; ஆறு நாள் கழித்து ஏழாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதியில், ஒன்பது புள்ளி எடுத்து அட்டகாசமாகத் தொடங்கியவர், பின்னே ஊன்றிய வலது காலோடு விழுந்து தரையை ஓங்கி அறைந்தார். அந்த ஆண்டு பிளே ஆஃபில் டேமியன் லில்லார்ட், ஜேசன் டேட்டம், ஹாலிபர்ட்டன் என்று மூன்று பேருக்கு நாண் அறுந்தது. மூவரின் சட்டை எண்ணும் பூஜ்யம். அதற்கு அறிவியலில் எந்த விளக்கமும் இல்லை, தேடவும் வேண்டாம்.

ஹாலிபர்ட்டன் 2025–26 சீசன் முழுவதும் ஆட மாட்டார் என்று அணி ஜூலையிலேயே அறிவித்துவிட்டது. ரசிகர்களுக்கு அது கசப்பு. நாணின் நாட்காட்டியைப் பார்த்தால் வேறு வழியுமில்லை.

அறுவைசிகிச்சை அறையில் தெரிவது, கத்தியால் வெட்டிய சுத்தமான முனைகளாக இருக்காது. அறுந்த இரண்டு முனைகளும் பிரிந்துபோன தேங்காய் நார்க் கயிறுபோலச் சிலிர்த்துக்கொண்டிருக்கும். அவற்றைச் சேர்த்துப் பிடித்து, வலுவான நூலால் தைத்து, பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டிவிடுகிறார்கள். டுரான்ட்டுக்கு இரண்டே நாளில், ஜூன் 12ஆம் தேதி இது முடிந்தது. சாதாரண மக்களுக்குக் கத்தி வைக்காமலே பூட்ஸ் போட்டு ஆற்றுவதும் உண்டு. நார்வேயில் நடந்து 2022இல் வெளியான பெரிய ஒப்பீட்டில் ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தன, மறுபடி அறுவது மட்டும் அறுவை செய்யாதவர்களிடம் கூடுதல். தொழில்முறை வீரர்கள் அந்தக் கூடுதலை விலைகொடுத்துத் தவிர்க்கிறார்கள்.

தையல் செய்வது முனைகளைச் சேர்த்துவைப்பது மட்டும்தான். மீதியை உடல் செய்ய வேண்டும், அதுவும் தனக்குப் பழக்கமில்லாத வேலையை. முதல் சில நாட்கள் வீக்கம். அடுத்த சில வாரங்களில் மூன்றாம் வகைக் கொலாஜன் என்ற மெல்லிய, ஒழுங்கற்ற இழைகளை அவசர அவசரமாகப் போட்டு இடைவெளியை அடைக்கிறது. பிறகு மாதக்கணக்கில், ஓராண்டுக்கு மேலும்கூட, அவற்றைக் கழித்துவிட்டு வலுவான முதல் வகை இழைகளை இழுவையின் திசையில் அடுக்கிக்கொண்டு வருகிறது. அப்படியும் பழைய நாண் திரும்பக் கிடைப்பதில்லை. கிடைப்பது நாண்போல வேலை செய்யக் கற்றுக்கொண்ட ஒரு தழும்பு. அது பெரும்பாலும் பழையதைவிட ஓரிரு சென்டிமீட்டர் நீளமாக ஆறுகிறது. நாண் நீண்டால் தசை தளர்ந்துவிடும். குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்க முடியாது. சுவீடனின் கோதன்பர்கில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள், ஏழு ஆண்டு கழித்தும் ஒற்றைக்காலில் குதிகாலைத் தூக்கும் சோதனையில் அடிபட்ட கால் பின்தங்கியே இருப்பதைக் கண்டார்கள்.

1988 முதல் 2011 வரை என்பிஏயில் நாண் அறுந்து தைத்துக்கொண்ட 18 வீரர்களைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. ஏழு பேர் அதன்பிறகு ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. திரும்பிய பதினொருவரில் இரண்டு சீசனோ அதற்கு மேலோ தாக்குப்பிடித்தவர்கள் எட்டுப் பேர். 1992இல் அறுந்து, அடுத்த சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 29.9 புள்ளி எடுத்த டொமினிக் வில்கின்ஸ் போன்றவர் அபூர்வம். கோபி எட்டே மாதத்தில் திரும்பினார். ஆறு ஆட்டத்துக்குப் பின் முழங்கால் எலும்பு முறிந்து மறுபடி உட்கார்ந்தார்.

காத்திருக்கும் காலத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது. நாணில் இருக்கும் சொற்பச் செல்கள் இழுப்பை உணர்ந்தால்தான் கொலாஜன் செய்யும். ஆகவே முழு ஓய்வு கெடுதல். சரி, நாள் முழுக்க இழுத்தால்? கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் கீத் பாரின் குழு, ஆய்வகத்தில் வளர்த்த இணைப்புத் திசுவில் இதைச் சோதித்தது. இழுக்கத் தொடங்கி ஏறத்தாழ பத்து நிமிடம் செல்கள் காது கொடுக்கின்றன. பிறகு எவ்வளவு இழுத்தாலும் கேட்பதில்லை. மறுபடி கேட்க ஆறு மணி நேரம் ஆகிறது. இரண்டு மணி நேரம் வியர்வை சிந்த உழைப்பவனுக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆனால் நாண் மனவுறுதிக்குக் கூலி கொடுப்பதில்லை. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், மெதுவாக, கனமாக. இடையில் சும்மா இருக்க வேண்டும். போட்டி மனத்தோடு வளர்ந்த ஒருவருக்குக் கடினமான பாகம் அந்தச் சும்மா இருப்பதாகத்தான் இருக்கும்.

டுரான்ட்டுக்கு அந்தச் சும்மா இருக்கும் காலம் எதிர்பாராமல் நீண்டது. 2019 கோடையில் புரூக்ளின் நெட்ஸுக்கு மாறியவர், முதல் சீசனைத் தொடவே இல்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் லீக் நின்றது. ஜூலையில் ஆர்லாண்டோவில் மறுபடி தொடங்கியபோதும் அவர் போகவில்லை. அடுத்த சீசன் வழக்கமான அக்டோபரில் தொடங்காமல் டிசம்பர் 22க்குத் தள்ளிப்போனது. ஒன்பது பத்து மாதத்தில் திரும்புவது வழக்கமாக இருந்த ஒரு காயத்துக்கு ஏறத்தாழ பதினெட்டரை மாதம் கிடைத்தது. ஒரு பெருந்தொற்று யாருக்காவது உதவியது என்று சொல்லக் கூச்சமாக இருந்தாலும், அந்த நாணுக்கு உதவியது.

முதல் ஆட்டம், பழைய அணியான வாரியர்ஸுக்கு எதிராகவே. இருபத்தைந்து நிமிடத்தில் 22 புள்ளி. புரூக்ளின் 125–99 என வென்றது. அந்த சீசனில் தொடைத்தசைக் காயத்தால் 35 ஆட்டம்தான் ஆடினார், சராசரி 26.9 புள்ளி, எறிந்ததில் 53.7 விழுக்காடு கூடைக்குள். காயத்துக்கு முந்தைய டுரான்ட்டிடமிருந்து இவரைப் பிரித்துப் பார்க்க எண்களால் முடியவில்லை.

தழும்பு நாணோடு இது எப்படி? ஒரு பாதி விடை அவருடைய உடம்பிலேயே இருக்கிறது. 2.11 மீட்டர் உயரம், நீண்ட கை. பந்தைத் தலைக்கு மேலே மிக உயரத்திலிருந்து விடுபவர். எதிராளியைத் தாண்டிக் குதிப்பதை நம்பி வாழும் ஆட்டம் அவருடையதல்ல, எதிராளியின் தலைக்கு மேலே எறிவது. சில சென்டிமீட்டர் தாவல் குறைந்தாலும் அவருடைய பந்தைத் தடுக்கும் கை இன்னும் வந்து சேராது. இன்னொரு பாதி பொதுவானது. நாண் அறுந்தவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கெண்டைக்கால் தசை இளைத்திருக்க, அதன் அடியில் உள்ள வேறொரு தசை பெருத்திருப்பது தெரிகிறது. கால் கட்டைவிரலை மடக்கும் தசை அது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே மூளை சுமையைப் பிரித்து, எந்தக் கணக்கிலும் வராத ஒரு சின்ன தசையிடம் ஒரு பங்கைக் கொடுத்துவிடுகிறது.

2021 ஜூன் 19ஆம் தேதி, மில்வாக்கிக்கு எதிரான பிளே ஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டம். நாண் அறுந்து இரண்டு ஆண்டும் ஒன்பது நாளும் ஆகியிருந்தன. ஒரு நொடி மீதமிருக்க, இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில், டுரான்ட் திரும்பிக் குதித்து எறிந்தார். பந்து விழுந்தது. மூன்று புள்ளி, வெற்றி என்று அரங்கம் எழுந்தது. ஆனால் ஷூ நுனி மூன்று புள்ளிக் கோட்டின்மேல் இருந்தது. இரண்டு புள்ளிதான், ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் அவர் ஆறு முறை எறிந்தும் ஒன்றும் போகவில்லை, கடைசி எறி வளையத்தைக்கூடத் தொடவில்லை. 115–111 எனத் தோல்வி. அவர் எடுத்தது 48 புள்ளி, ஆடியது ஒரு நிமிடம் விடாமல் 53 நிமிடம். ஏழு வாரம் கழித்து டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 29 புள்ளி எடுத்து அமெரிக்காவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தார். அடுத்த சீசன் தொடங்க அப்போது பத்து வாரம்தான் இருந்தது.